சிப்கோ: மரங்களுக்கான போராட்டமா, உரிமைக்கான போராட்டமா?

கேள்வி: இன்றைய உத்தராகண்டின் இமயமலைப் பகுதியில் 1970களில் மரம் வெட்டுவதை எதிர்த்து எழுந்த சிப்கோ இயக்கத்தைப் பாடநூல்கள் மரங்களைக் கட்டித் தழுவிய கதையாகவே சொல்லி முடித்துவிடுகின்றன. அதைச் சமத்துவப் போராட்டமாகவும் கொள்ள இடமுண்டா?

பதில் 1: தாராளமாக உண்டு. 1973இல் மண்டல் கிராமத்தில் தகராறு மூண்டதே, ஏர்க்கருவிகள் செய்ய உள்ளூரார் கேட்ட மரத்தை மறுத்த வனத்துறை, அதை விளையாட்டுப் பொருள் செய்யும் வெளியூர் நிறுவனத்துக்கு ஒதுக்கியதால்தான்.

பதில் 2: 1974 மார்ச் 26ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இழப்பீடு வாங்க ரேணி கிராமத்து ஆண்கள் சமோலி நகருக்குப் போயிருந்த நாளில் மரம் வெட்ட ஆட்கள் வந்திறங்க, கௌரா தேவி 27 பெண்களுடன் சென்று வழிமறித்தார். துப்பாக்கியைக் காட்டி மிரட்டியும் அவர்கள் அசையவில்லை. அந்தக் காட்டை அவர் தாய்வீடு என்றே அழைத்தார். விறகும் தீவனமும் சுமந்து வருவது பெண்களின் வேலையாக இருந்த ஊரில், அது வெறும் உவமை அன்று.

பதில் 3: ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு மனக்குறை. பெரிதாகப் பேசப்பட்டவர்கள் இயக்கத் தலைவர்களான சண்டி பிரசாத் பட்டும் சுந்தர்லால் பகுகுணாவும்தான் (இருவரின் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை). 1980இல் உயர்மலைக் காடுகளில் 15 ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை வந்தது. ஆனால் காட்டை ஆளும் அதிகாரம் அப்பெண்களின் கைக்கு வரவில்லை. அதே ரேணியைத்தான் 2021 பிப்ரவரியில் ரிஷிகங்கை ஆற்று வெள்ளம் தாக்கியது.