பாஸ்டன் ஃப்ரீடம் டிரெயில்: முதியவர்களோடு நடக்க முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஜூலையில் அப்பா, அம்மா, பத்து வயது மகனோடு அமெரிக்காவின் பாஸ்டன் போகிறோம். அங்குள்ள வரலாற்று இடங்களை இணைக்கும் ஃப்ரீடம் டிரெயில் என்ற நடைபாதையைப் பார்க்கத் திட்டம். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். 1770 மார்ச் 5 அன்று ஆங்கிலேயப் படையினர் சுட்டு ஐந்து பேர் இறந்த இடத்தில் நிற்க வேண்டுமாம். பழைய ஸ்டேட் ஹவுஸ் முன்னால், தரையில் கல் பதித்த ஒரு வட்டம், அவ்வளவுதான். அதற்கே நாற்பது நிமிடம் பேசுவார்!

பாதை மொத்தம் 4 கிலோமீட்டர், 16 இடங்கள். தரையில் ஓடும் சிவப்புச் செங்கல் கோட்டைப் பிடித்தே நடந்துவிடலாம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. நாங்கள் முன்பதிவு செய்திருக்கும் வழிகாட்டி நடை ஃபேனியல் ஹாலோடு முடிகிறது.

அப்புறம் மீதியை எப்படிப் பார்ப்பது? பால் ரெவீர் வீடு, ஓல்ட் நார்த் சர்ச் வரை நடந்துவிட்டு, சார்ல்ஸ்டவுனுக்குப் படகில் போனால் அம்மாவுக்குச் சுலபமா? அங்கே இருக்கும் பங்கர் ஹில் போர் நினைவுத்தூணில் 294 படி, லிஃப்ட் கிடையாது. மகன் ஏறியே தீருவேன் என்கிறான். அதுவரை அம்மா உட்கார நிழல் இருக்குமா? காலை எத்தனை மணிக்குத் தொடங்கினால் வெயிலில் மாட்டாமல் இருக்கலாம்? வயதானவர்களோடு போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.