மறு: காலணியின் 'லக்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

மலையேறும் ஷூவின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் துண்டுகளுக்கு, அதாவது 'லக்'குக்கு, 'புடைப்பு' என்று முந்தைய மடலில் வந்த சொல் எனக்கு ஒட்டவில்லை. நெற்றியில் அடிபட்டு வீங்கினாலும் புடைப்புதான். நமக்கு வேண்டியது மண்ணைக் கவ்வும் உறுப்பின் பெயர்.

மழை விட்ட மறுநாள் மேற்குத்தொடர்ச்சி மலையில் இறங்கியவர்களுக்கு இது காலிலேயே தெரியும். செம்மண் சரிவில் 2, 3 மி.மீ. உயரம் போதாது, வழுக்கும். 5 மி.மீ.க்கு மேல், நல்ல இடைவெளியோடு இருந்தால்தான் சேற்றில் இறங்கிப் பிடிக்கும். காலைத் தூக்கும்போது சேறும் உதிரும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பி மொட்டை டயர் ஆகிவிடும். ஓடைப் பாறையிலோ நேர்மாறு. அங்கே உயரம் உதவாது. மென்மையான ரப்பர் பாறையில் நிறைய இடத்தில் படிய வேண்டும். ஆகவே உயரம், இடைவெளி, தேய்மானம் மூன்றோடும் சேர்த்துச் சொல்ல வசதியான சொல்லாக இருக்க வேண்டும்.

1935இல் மலையேற்றத்தில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, ஆணி அடித்த பூட்ஸுக்கு மாற்றாக இந்த ரப்பர் அடியைக் கொண்டுவந்தார். அதன் பெயர் 'கர்ரார்மாட்டோ'. போர் டாங்கி என்று பொருள். கண்ணெதிரே ஓடிய வண்டியிலிருந்து எடுத்த பெயர்!

நம் டயர் கடைகளிலும் 'பட்டன் தேஞ்சுபோச்சு' என்கிறார்கள். அருமையான வழக்கு. ஆனால் சட்டைப் பொத்தான் குறுக்கே வருகிறது. என் பரிந்துரை 'பல்'. ரம்பத்துக்குப் பல், சீப்புக்குப் பல், பற்சக்கரம் என ஏற்கெனவே புழங்கும் சொல். கவ்வும், தேயும், விழும். தனியே நின்றால் குழப்பும் என்பவர்களுக்கு 'அடிப்பல்': 'சேற்றுக்கு அடிப்பல் 6 மி.மீ. உள்ளதாக வாங்கு.'

பூட்ஸுக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். பெரும்பாணாற்றுப்படையில் வழிச்செல்லும் வணிகர் அணிவது 'அடிபுதை அரணம்'. பாதத்தை மூடிக் காக்கும் காலணி! அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணி ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் குழுவில் இருந்தால் அவசியம் எழுதுங்கள். அங்கே கைவேலைக்காரர்கள் வாயில் ஒரு சொல் ஏற்கெனவே இருந்தால், 'அடிப்பல்'லை விட்டுவிட்டு அதையே ஏற்கிறேன்.