1930-களில் நியூயார்க்கில் கூலிக்குக் கொலை செய்த 'மர்டர் இங்க்' கும்பலின் இடங்கள்: சரடோகா அவென்யூ முனையில் நின்றவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்

ப்ரூக்ளின்வாசி:
போன மாதம் பிரவுன்ஸ்வில் போனேன். 3-ஆம் எண் ரயிலில் சரடோகாவில் இறங்கிப் படியை விட்டு வந்தால் மிட்நைட் ரோஸ் மிட்டாய்க்கடை இருந்த முனை. அந்தக் கும்பலின் அபே ரெலெஸும் பிட்ஸ்பர்க் ஃபில்லும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, யாரை எப்போது முடிப்பது என்று பேசிய இடம். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் மகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், தலைக்கு மேலே ரயில் வந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்து இரும்புத் தூணில் கை வைத்தேன், அது நடுங்கிக்கொண்டிருந்தது. இங்கே எதைப் பேசினாலும் அடுத்த ஆள் காதில் விழாது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த நடுக்கம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

நியூவார்க் ஆறு வருஷம்:
எனக்கு ஈஸ்ட் பார்க் தெரு. 1935 அக்டோபர் 23 ராத்திரி கும்பல் தலைவன் டச் ஷுல்ட்ஸைச் சுட்ட பேலஸ் சாப்ஹவுஸ் அங்கேதான் இருந்தது. அரசு வழக்கறிஞர் டூயியைக் கொன்றே தீருவேன் என்று அவன் நின்றதால், மற்ற கும்பல் தலைகள் மர்டர் இங்க் தலைவன் லெப்கேயின் ஆட்களை அனுப்பி அவனையே முடித்தார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அவன் பிதற்றியதைப் போலீஸ் சுருக்கெழுத்தர் எடுத்த குறிப்பைப் படித்தேன். 106 டிகிரி காய்ச்சல். நடுநடுவே அம்மாவைக் கூப்பிடுகிறான். 34 வயது. டப்பாவை மூடிவிட்டேன், சாப்பாடு இறங்கவில்லை. கடைசி நேரத்தில் கத்தோலிக்கனாக மாறியவன்; ஆனாலும் அவன் சவப்பெட்டிமேல் யூதத் தொழுகைச் சால்வையைப் போடச் சொன்னார் அந்தத் தாய்.

பழைய வழக்கு:
தம்பி இருவருக்கும். ஷுல்ட்ஸுக்காகச் சாப்பாடு இறங்கவில்லை என்கிறீர்கள். ரெலெஸ் பேரை எழுதினீர்கள். ஜோசப் ரோசன் பேரை ஏன் ஒருவரும் எழுதவில்லை? லாரி ஓட்டிப் பிழைத்த மனுஷர். லெப்கே கும்பல் அந்தத் தொழிலைப் பிடுங்கியதும் ஒரு சின்ன மிட்டாய்க்கடை போட்டார். 1936 செப்டம்பரில் அந்தக் கடைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். லெப்கே 1944-இல் மின்சார நாற்காலிக்குப் போனது இந்த ஒரு கொலைக்காகத்தான்.

நான் பார்த்தது கோனி ஐலண்ட். ஹாஃப் மூன் ஓட்டல் இப்போது இல்லை, அந்த இடத்தில் வேறு கட்டடம். அதில் ஆறு மாடி எண்ணிப் பார்த்தேன், கழுத்து வலித்தது. போலீஸ் காவலில் இருந்த ரெலெஸ் அந்த உயரத்திலிருந்துதான் விழுந்தான், 1941 நவம்பர் 12. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். முனை முனையாகப் படம் எடுப்பதை விடுங்கள். சேம்பர்ஸ் தெரு 31-இல் நகர ஆவணக் காப்பகம் இருக்கிறது, மர்டர் இங்க் வழக்குக் கட்டுகள் அங்கே உண்டு. நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். அதற்கும் முன்னால் ஆர்ச்சர்ட் தெரு டெனமென்ட் அருங்காட்சியகம், ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பழைய குடியிருப்பு. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அந்த இருட்டறைகளைப் பார்த்தால்தான் தையல் தொழிலாளர் வேலைநிறுத்தம் புரியும். முதலாளிகள் அடியாள் இறக்கினார்கள், சங்கங்கள் டோப்பி பென்னி ஃபைன் என்ற அடியாள் தலைவனைக் கூலிக்கு வைத்தன. அப்புறம் அடியாட்களே சங்கங்களுக்குள் புகுந்துகொண்டார்கள். டெலன்சி - நார்ஃபோக் முனையில் 1927-இல் 'லிட்டில் ஆகி' என்ற இன்னொரு அடியாள் தலைவன் செத்ததும் இந்தச் சண்டையில்தான். வரிசையாகப் பாருங்கள்.

ப்ரூக்ளின்வாசி:
ரோசன் பேரை விட்டது தப்புதான் ஐயா. படியேறும்போது மகள் ஒன்று கேட்டாள்: "அந்தக் கடையில நிஜமாவே மிட்டாய் வித்தாங்களாப்பா?" விற்றார்கள் என்றேன். அந்தத் தெருப் பிள்ளைகள்தானே வாங்கியிருப்பார்கள்.