பீற்றூட்டும் கலமென்சவ்வும்: செய்து பார்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் உயர்தரப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குப் பின்னேரங்களில் உயிரியல் படிப்பிக்கிறேன். இப்போது கலமென்சவ்வு, அதாவது கலத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலம். நீரை நாடும் தலைகள் இருபுறமும் வெளியே, நீரை வெறுக்கும் வால்கள் நடுவில் என்று பொஸ்போலிப்பிட்டு என்ற கொழுப்பு வகை மூலக்கூறுகளின் இரட்டைப் படையைக் கீறிக் காட்டியாச்சு. 1972இல் விஞ்ஞானிகள் சிங்கரும் நிக்கல்சனும் சொன்னதுபோல அது இறுகிய சுவரல்ல, புரதங்கள் மிதக்கும் பாய்மம் என்றதும், "அப்ப ஏன் ரீச்சர் அது தண்ணியில கரையேல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! வால்கள் நீரை விட்டு ஒதுங்குவதுதான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது என்றேன்.

கண்ணால் காட்டவும் ஆசை. பீற்றூட்டை ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டித் தண்ணீர்ப் போத்தல்களில் போட்டோம். சூட்டில் மென்சவ்வு குலைந்தால்தான் புன்வெற்றிடத்தில் (கலத்துக்குள் சாறு நிறைந்த பை) இருக்கும் சிவப்பு வெளியே வரவேண்டும். ஆனால் சூடாக்காத போத்தலும் சிவந்துவிட்டது. வெட்டுப்பட்ட கலங்களின் நிறம் அது, தெரியும். துண்டுகளை எவ்வளவு நேரம் கழுவுகிறீர்கள்? விறகடுப்பில் 50, 60, 70 பாகைச் சூட்டை ஐந்து நிமிடம் மாறாமல் வைத்திருப்பது எப்படி? வெப்பமானி ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை திரும்பச் செய்யப்போகிறோம், அதற்கு முன் சொன்னால் பெரிய உதவி.