குருவானவர் கடைசியில் நற்கருணை உட்கொள்ளலாமா? பிலிப்பைன்ஸ் திருப்பலி பற்றி

தாவாவோ மாணவி:
பிலிப்பைன்ஸின் தாவாவோ நகரில் மருத்துவம் படிக்க வந்து மூன்றாவது வருடம். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியுமுன் 'சிம்பாங் காபி' திருப்பலி நடக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு ஊதா உடைதான் முறை, 'உன்னதங்களிலே' கீதமும் கிடையாது. ஆனால் இந்த ஒன்பது நாளும் குருவானவர் வெள்ளை உடுத்துகிறார், 'உன்னதங்களிலே' பாடுகிறார்கள். முடிந்து வெளியே வந்தால் மூங்கில் குழாயில் அவித்த ஊதா நிறப் பூட்டோ பும்போங். வாழையிலையில் வைத்து, வெண்ணெய் தடவி, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். முதல் வருடம் அதைப் பார்த்ததும் அம்மாவின் குழாய்ப்புட்டு நினைவு வந்து தொண்டை அடைத்தது.

என் கேள்வி வேறு. 1976இல் இந்நாட்டு ஆயர் பேரவை 'மிசா நங் பாயாங் பிலிப்பினோ' என்ற திருப்பலி முறையை ரோமுக்கு அனுப்பியது. வழக்கமான திருப்பலியில் நற்கருணையை, அதாவது கிறிஸ்துவின் உடலாக நாம் வாங்கும் அப்பத்தை, குருவானவர்தான் முதலில் உட்கொள்வார். இந்த முறையில் மக்களுக்குக் கொடுத்த பிறகே அவர் உட்கொள்வார். ரோம் ஒப்புதல் தரவில்லை. தந்திருக்க வேண்டும் என்கிறேன்.

செபமாலை:
தராதது சரிதான் சகோதரி. 'விருந்தாளி முதலில், வீட்டுக்காரர் கடைசியில்' என்ற பழக்கம் அழகானதுதான். ஆனால் இந்தப் பந்தியில் வீட்டுக்காரர் கிறிஸ்து. குருவானவரும் இலை முன் உட்கார்ந்தவர்தான். நம் இந்தியாவுக்கும் 1969இல் 12 அம்சங்களுக்கு ரோம் அனுமதி தந்தது. ஆரத்தி எடுக்கலாம், தரையில் உட்காரலாம். சைகைகள் மாறின, திருப்பலியின் அமைப்பு மாறவில்லை. எல்லை அங்கேதான் இருக்கிறது.

உப்புக்காற்று:
பீடத்தில் குருவானவர் கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார் என்று நாம்தானே மறைக்கல்வியில் படித்தோம்? அப்படியானால் பரிமாறுகிறவரின் நடத்தை அவரிடம்தான் தெரிய வேண்டும். அப்புறம், அமைப்பு மாறக் கூடாது என்றால் 1988இல் ரோமே ஏற்ற, ஆப்பிரிக்காவின் சயீர் (இன்றைய காங்கோ) நாட்டுத் திருப்பலி முறையை என்ன சொல்வீர்கள்? வழக்கமாகத் தொடக்கத்தில் வரும் பாவமன்னிப்பு வழிபாடு அதில் மறையுரைக்குப் பின்னால் போய்விட்டது.

பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பெனடிக்டைன் துறவி அன்ஸ்கார் சுப்புங்கோ ரோமிலேயே திருவழிபாடு கற்பித்தவர். ரோமானிய வழிபாடும் ஒரு பண்பாட்டில் வளர்ந்ததுதான், அதன் சுருக்கமான மன்றாட்டுகளே பழைய ரோமர்களின் பேச்சுப் பாணி என்று விளக்கியவர் அவர். அதை ரோமர்கள் செய்தால் மரபு, பிலிப்பைன்ஸின் தகலோக் மொழி பேசும் மக்கள் செய்தால் மீறலா?

மலைநாட்டான்:
இருவரும் தாண்டிப் போகிற கேள்வி ஒன்று: யாருடைய பண்பாடு? அந்தத் திருப்பலி தகலோக் மொழியில், தகலோக் வழக்கங்களை வைத்து எழுதியது. கோர்டில்லேரா மலையின் இகோரோட் மக்களுக்கு அதில் என்ன இடம்? திருமணத்தில் மணமக்கள்மேல் போடும் முக்காடு, கயிறு, கையில் கொடுக்கும் நாணயங்கள், எல்லாமே ஸ்பெயின்காரர்களோடு வந்தவை.

இன்னொன்றும் சொல்கிறேன். பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில் சான் பெத்ரோ குதூத் ஊரில் 1962 முதல் பெரிய வெள்ளியன்று தாமாக முன்வரும் ஆட்களை உண்மையாகவே சிலுவையில் அறைகிறார்கள். ஆயர்கள் வேண்டாம் என்கிறார்கள். மக்கள் வழக்கம் என்பதற்காக எதையும் ஏற்க முடியாது, யாராவது பொறுக்கி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தாவாவோ மாணவி:
பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை அந்த ஊர் ஆயர்கள் செய்தால் போதாதா? நான் பார்த்ததைச் சொல்கிறேன். தோழி வீட்டில் சாப்பிடப் போனால் அவள் அம்மா 'காயின் தாயோ' (வாங்க, சாப்பிடலாம்) என்று வாசலிலேயே அழைப்பார். எங்கள் தட்டு நிறையும்வரை உட்காரவே மாட்டார். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலில், எல்லாருக்கும் முன்னால் குருவானவர் உட்கொள்வதைப் பார்க்கிறார். தன் வீட்டுப் பாசம் பீடத்தில் ஒருமுறை தெரிந்தால் அவர் மனம் எப்படி நிறையும்!

உயிர்ப்பு ஞாயிறு விடியலில் 'சலூபோங்' என்ற பவனிச் சடங்கைப் பார்த்தேன். உயிர்த்த ஆண்டவர் ஒரு தெருவில், கறுப்பு முக்காட்டோடு மாதா இன்னொரு தெருவில். இரண்டு பவனியும் சந்திக்கும் இடத்தில், தேவதை உடுப்புப் போட்ட சிறுமி அந்த முக்காட்டை எடுத்தாள். பக்கத்தில் நின்ற பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதன் பிறகுதான் கோயிலுக்குள் திருப்பலிக்குப் போனோம்.

செபமாலை:
சயீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அமைப்பே மாறாது என்று நான் சொன்னது தவறு. சலூபோங் மாதிரி நம் பங்கிலும் இருந்தால் முதல் ஆளாகப் போவேன். ஆனாலும் குருவானவரும் முதலில் கையேந்தி வாங்குகிறவர் என்று காட்டும் அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.