மறு: மறு: கிராஸ்ஓவருக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கிருஷ்ணகிரி:
ஐயன்மீர், ஒலிபெருக்கிப் பழுதுபார்ப்பு வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் பாடம் முழுக்க கிராஸ்ஓவர். 300 ஹெர்ட்ஸ் வரை ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கானது), 3000 வரை மிட் (நடு ஒலிக்கானது), அதற்கு மேல் டுவீட்டர் (உச்ச ஒலிக்கானது) என்று ஒலியைப் பங்கு போடும் மின்சுற்று. சுற்றுக்கு ஒரு சொல், பங்கு மாறும் அதிர்வெண்ணுக்கு ஒரு சொல் வேண்டும். வரைவில் ‘குறுக்குக்கடப்பி’ என்று இருக்கிறது. படித்தால் ரயில்வே கேட்தான் நினைவுக்கு வருகிறது.

தருமபுரி:
பகுப்பி போதும். அதிர்வெண்ணுக்குப் பகுப்பெண். 8 ஓம் டுவீட்டருக்குத் தொடரில் 6.8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போட்டால் 3000-ஐ ஒட்டிப் பகுத்துவிடும். செய்கிற வேலைதான் பெயர்.

அரூர்:
பகுப்பது கம்பியில். காற்றில் இரண்டும் சேர வேண்டாமா? எல்லையில் மிட்டும் டுவீட்டரும் சேர்ந்தேதான் ஒலிக்கின்றன. இது புணர்ச்சி ஐயா. கீழே ஒலிப்பது நிலைமொழி, மேலே ஒலிப்பது வருமொழி. நன்னூலின் மூன்று விகாரமும் இங்கே உண்டு. ஒன்றன்மேல் ஒன்று அதிகம் படிந்தால் மேடு, அது தோன்றல். கட்டம், அதாவது இரு அலைகளும் ஏறி இறங்கும் நேரம், நகர்ந்தால் திரிதல். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் எதிர்க்கட்டமானால் பள்ளம், கெடுதல். ஆகவே ‘புணரெண்’.

ஓசூர்:
அதைக் கரும்பலகையில் எழுதினால் பையன்கள் அன்றைக்கு வேறெதுவும் படிக்க மாட்டார்கள். ‘சந்தி’ என்று வையுங்கள். இங்கே கன்னடம், தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கும் புரியும்.

அரூர்:
சந்தி வடசொல். போதாக்குறைக்குச் சிரிக்கவும் செய்யும்.

பென்னாகரம்:
சொல் கிடக்கட்டும். வரைவில் அறைக்கேற்பப் பகுப்பெண்ணை மாற்றச் சொல்லும் வரியை முதலில் எடுங்கள். 20 அடி நீள அறையில் 28 ஹெர்ட்ஸில் நிலை அலை (சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி, சில இடங்களில் ஒலியைக் கூட்டியும் சில இடங்களில் குறைத்தும் காட்டும் அலை) நிற்கும், 10 அடி உயரத்தால் 56-இல் இன்னொன்று. 300-இல் பகுக்கும் சுற்றுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு? பெட்டியை மூலையிலிருந்து நகர்த்த வேண்டும், இல்லையென்றால் நாற்காலியை.

டுவீட்டர் காதைக் குத்துவது வேறு கதை. நம் பக்கத்து வீடுகளில் தரை கிரானைட், சுவர் சிமென்ட் பூச்சு. முதலில் ஜமக்காளம் விரிக்கட்டும். போதாவிட்டால் மின்தேக்கிக்கு அடுத்து 2.2 ஓம் மின்தடை தொடரில், டுவீட்டருக்கு இணையாக 20 ஓம். 3 டெசிபல் குறையும், மின்தேக்கிக்கு எதிரே ஏறக்குறைய அதே 8 ஓம்தான் தெரியும். சோம்பல்பட்டு 2.2-ஐ மட்டும் போட்டால் எல்லை 2300-க்கு இறங்கி டுவீட்டருக்குச் சுமை ஏறும். கடைகளில் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள்.

தருமபுரி:
கூடவே இதையும் சேருங்கள். ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் இடைவெளிக்கு) 24 டெசிபல் சரிவுள்ள லிங்க்விட்ஸ்-ரைலி வகைப் பகுப்பியில் டுவீட்டரின் கூட்டல், கழித்தல் கம்பிகளை மட்டும் இடம் மாற்றிப் போட்டால் எல்லையில் ஆழமான பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் கட்டம் ஏற்கெனவே பிசகியிருக்கிறது. பார்த்த பிறகு கம்பியை மறக்காமல் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

அரூர்:
நான் சொன்ன கெடுதல் அதுதானே?

கிருஷ்ணகிரி:
ஐவரில் மூவர் பகுப்பி, பகுப்பெண். அப்படியே அச்சுக்குப் போகிறது. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘கிராஸ்ஓவர்’ என்றும் போடுகிறேன், கடையில் அப்படிக் கேட்டால்தான் பொருள் கிடைக்கும். ஓசூர் அண்ணன் சந்தியை விட்டுக்கொடுத்துவிட்டார்.

அரூர்:
என் மறுப்பு இருக்கட்டும். பகுபதத்தைப் பிரித்தாலும் நடுவில் சந்தி வருகிறதே. நட + த்(ந்) + த் + ஆன். அதற்குப் பகுப்பிக்காரர்கள் என்ன சொல்வார்கள்?