புதிய அல்பங்களில் உங்களை உட்காரவைத்தது எது?

மஸ்கெலியா மழை எழுதியது:
இந்த மாசியில் எங்கள் ஊர்க் காமன் கூத்து முடிந்த கையோடு, இந்திய இசையையும் ஜாஸையும் கலக்கும் சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ அல்பத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். 46 வருடங்களுக்குப் பின் அவர்கள் ஸ்டூடியோவில் செய்த அல்பம். 2024 பெப்ரவரியில் கிராமி விருது கிடைத்தபோதுதான் நானும் தேடிப் பிடித்தேன். அப்பா எங்கள் தோட்டத்தில் நாற்பது வருடமாகத் தப்பு என்னும் பறை அடிப்பவர். ஜோன் மெக்லாக்லினின் கிட்டாருக்கும் ஷங்கர் மகாதேவனின் குரலுக்கும் அசையாமல் இருந்தவர், செல்வகணேஷ் கையில் பிடித்து அடிக்கும் சிறு தோல் வாத்தியமான கஞ்சிரா வந்ததும் நிமிர்ந்து, “இது என்ன தோல்?” என்று கேட்டார்.

உடும்புத் தோல்தான் வழக்கம், உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தளர்த்துவார்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் தப்பை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றுகிறவர்கள், அவர்கள் நனைக்கிறார்களா! மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார்.

ஒலிப்பதிவு எனக்குக் கொஞ்சம் வழவழப்பாகப்பட்டது. தோலில் கை படும் கரகரப்பு இன்னும் கேட்டிருக்கலாம். ஆனாலும் அந்தக் கஞ்சிராவை விட முடியவில்லை.

கடந்த ஒரு வருடத்தில் வந்தவற்றில் நீங்கள் முழுதாகக் கேட்டது எது? எந்த வகை இசையானாலும் சரி. எந்த இடத்தில் உங்களைப் பிடித்தது என்று சொல்லுங்கள்.

பண்டாரவளை டீச்சர்:
தம்பி, எனக்குப் பிரியா ராகுவின் ‘சந்தோசம்’. 2023 ஒக்டோபரில் வந்தது. பெற்றோர் இலங்கைத் தமிழர், அவர் பிறந்து வளர்ந்தது சுவிட்சர்லாந்தில். அந்தப் பெயரைக் கண்டதுமே என் மாணவிகள் ஹெட்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு மெதுவான பாட்டுகள்தான் பிடித்தன.

கொட்டகலை கிளாக்கர் மகன்:
பியோன்சே கன்ட்ரி இசைப் பக்கம் போன ‘கௌபோய் கார்ட்டர்’. 27 பகுதிகள், 78 நிமிடம். ஹட்டனில் ரயில் ஏறியதும் போட்டேன். சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டில் கேட்கத் தொடங்கியது, நானுஓயா வரை விடவில்லை. என் அப்பா அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸைக் கேட்டே வளர்ந்தவர். அதனால் கன்ட்ரி என்றால் வெள்ளைக்காரர் பாட்டு என்றே நினைத்திருந்தேன். இதில் லிண்டா மார்ட்டெலின் குரல் வருகிறது. 1969இல் கிராண்ட் ஓல் ஒப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசை மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர். இத்தனை வருடம் அந்தப் பெயர் என் காதில் விழவே இல்லையே என்று கோபம்தான் வந்தது. அல்பம் நீளம்தான், பின்பாதியில் சிலவற்றை நீக்கியிருக்கலாம். அந்தக் குரலுக்காக மறுபடி கேட்பேன்.

மஸ்கெலியா மழை:
அண்ணா, லிண்டா மார்ட்டெலை இன்றிரவே தேடிக் கேட்கிறேன். டீச்சர், ‘சந்தோசம்’ தங்கைக்குப் போய்விட்டது, இனி எனக்குத் திரும்பி வராது.

நேற்று மழையில் வேலை இல்லை. அப்பா பழைய தப்பொன்றை எடுத்து, உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தடவி அடித்துப் பார்த்தார். தொய்ந்துபோய், அடியிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் அதையே அடித்துக்கொண்டிருந்துவிட்டு, “இது இழவு வீட்டுக்கு ஆகும்” என்றார்.